ஓவனில் தெரியும் எண் யாருடைய சூடு?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மிக்சி மோட்டாரைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "ஓவன் குமிழில் போட்டிருக்கும் டிகிரியை நான் நம்புவதில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். மிக்சியைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை. ஓவனைப் பற்றி மட்டும் பதினேழு. சிலர் திட்டியும் எழுதியிருக்கிறார்கள். சத்துவாச்சாரியில் ரிப்பேர் கடை போட்டு 28 வருஷம் ஆகிறது; திட்டு புதிதில்லை. சரி, இந்த மாதம் முழுக்க ஓவன்தான்.

*

ஓ.டி.ஜி.யில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த பெட்டி) 180 வைத்து கேக் செய்கிறேன். மேலே கருகிவிடுகிறது, நடுவில் குச்சி விட்டுப் பார்த்தால் மாவு ஒட்டுகிறது. சிவப்பு லைட் வேறு அணைந்து அணைந்து எரிகிறது. தெர்மோஸ்டாட் போய்விட்டதா அண்ணா?
— வாசகி, காட்பாடி

லைட் அணைந்து எரிவது கோளாறு இல்லை அம்மா. அது நின்றுவிடாமல் எரிந்தால்தான் கோளாறு. பெரும்பாலான ஓ.டி.ஜி.யில் அந்த லைட், சூடேற்றும் காயிலுக்குக் கரண்ட் போகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். வைத்த சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் "டிக்" என்று கரண்டை வெட்டும், லைட் அணையும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி "டிக்", லைட் எரியும். சமையலறையில் சத்தம் இல்லாத நேரத்தில் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள், நன்றாகக் கேட்கும்.

இதில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. 180 என்று வைத்தால் ஓவன் 180லேயே நிற்காது. என் மீட்டரில் பார்த்த வரை, சின்ன ஓ.டி.ஜி. 195 வரை ஏறும், 165 வரை இறங்கும், மறுபடி ஏறும். கேக்குக்கு அந்த ஏற்ற இறக்கம் பெரிய பாதகம் இல்லை. நடு அளவே 180 இல்லாமல் 205ஆக இருந்தால்தான் பாதகம். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுவாக இருக்கலாம்.

மீட்டர் இல்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சர்க்கரை உருகுவது ஏறத்தாழ 186 டிகிரியில். அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் செய்து ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுங்கள். ஓவனை 175இல் வைத்து, நன்றாகச் சூடேறிய பிறகு கிண்ணத்தை நடுத்தட்டில் வைத்து 15 நிமிஷம் விடுங்கள். உருகக் கூடாது. உருகினால் உங்கள் ஓவன் குமிழில் சொல்வதைவிட அதிகம் சுடுகிறது. உருகாவிட்டால் புதுச் சர்க்கரை போட்டு 190இல் அதே 15 நிமிஷம். இப்போதும் உருகாவிட்டால் குறைவாகச் சுடுகிறது. எத்தனை டிகிரி வித்தியாசம் என்று இது துல்லியமாகச் சொல்லாது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடும். ஓவனுக்குள் வைக்கிற டயல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கி நடுத்தட்டில் நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

மேலே கருகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடேற்றும்போது மேல் காயில், கீழ் காயில் இரண்டையும் போட்டுவிட்டு, கேக்கை வைத்த பிறகும் அப்படியே விட்டிருப்பீர்கள். கீழ் காயிலுக்கு மட்டும் மாற்றி, டின்னை ஒரு தட்டு கீழே இறக்கிப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை மாற்றுவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

*

அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுப்பிய குறிப்பில் 350 டிகிரி என்று இருக்கிறது. எங்கள் ஓவனில் 250க்கு மேல் இல்லையே?
— வாசகி, வாலாஜாபேட்டை

அது பாரன்ஹீட். 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுங்கள்: 177. நீங்கள் 175இல் வையுங்கள், மகளுக்குத் தெரியவே தெரியாது.

*

பேக்கரி வைத்திருக்கிறேன். இரண்டு தட்டு கரண்ட் ஓவன், மேல் சூடு கீழ் சூடு தனித்தனிக் குமிழ். டிகிரி காட்டும் டிஸ்ப்ளே கிடையாது. உள்ளூர் எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு டிஜிட்டல் டிஸ்ப்ளே போட்டேன். குமிழ் 200இல் இருக்கிறது, டிஸ்ப்ளே 245 காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் 210, மறுபடி 245. எதை நம்புவது? டிஸ்ப்ளேவைப் பார்த்து குமிழைக் குறைத்தால் பன் வெள்ளையாக வருகிறது.
— பேக்கரிக்காரர், குடியாத்தம்

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைச் சொல்வார்கள். டிகிரி தெரியாத ஓவனையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் உங்களுடையது டிகிரி தெரிந்தும் குழம்புகிற ஓவன். பன் வெள்ளையாக வருகிறது என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. உங்கள் ஓவனில் நம்பத்தக்க தெர்மாமீட்டர் இப்போதைக்கு அந்த பன் ஒன்றுதான்.

முதலில் குமிழின் கதை. குமிழுக்குப் பின்னால் இருக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தால், அதிலிருந்து மெல்லிய கம்பி கனத்தில் ஒரு செம்புக் குழாய் கிளம்பி, ஓவன் சுவரைத் துளைத்து உள்ளே போகும். அதன் நுனியில் பென்சில் கனத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு குப்பி. குப்பிக்குள் எண்ணெய் மாதிரி ஒரு திரவம். சூடானால் அது விரியும், குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து, குமிழுக்குப் பின்னால் இருக்கும் தகட்டை அமுக்கும், தகடு சுவிட்சை வெட்டும். இவ்வளவுதான். கரண்டே இல்லாமல் சூட்டை உணர்கிற சாதனம், எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் அதற்கு எண் தெரியாது. குமிழில் அச்சடித்திருக்கிற 200 என்பது கம்பெனியில் யாரோ ஒரு நாள் ஒத்துப் பார்த்துப் போட்ட கோடு. குப்பி கிளிப்பிலிருந்து நழுவினாலோ, மேலே கரி படிந்தாலோ, குமிழை யாராவது கழற்றித் துடைத்துவிட்டு ஒரு பல் தள்ளி மாட்டினாலோ அந்த 200 எங்கேயோ போய்விடும்.

அந்தச் செம்புக் குழாயை மட்டும் மடக்கிவிடாதீர்கள். உடைந்தால் திரவம் வெளியேறிவிடும், தகட்டை அமுக்க ஆள் இருக்காது, சுவிட்ச் வெட்டவே வெட்டாது. சாதாரண தெர்மோஸ்டாட் கெட்டால், பெரும்பாலும் ஓவன் ஆறிப்போகாது, அடங்காமல் ஏறும். அதனால்தான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் டிஸ்ப்ளே. எலெக்ட்ரீஷியன் உள்ளே விட்டிருக்கும் கம்பி தெர்மோகப்பிளாக இருக்கும், கே டைப். இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்து, அந்த நுனியைச் சூடாக்கினால் மறு முனையில் ஒரு சின்ன வோல்டேஜ் பிறக்கும். 1821இல் சீபெக் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது. சின்னது என்றால் அவ்வளவு சின்னது: கே டைப்பில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். டார்ச் செல்லின் ஒன்றரை வோல்ட்டோடு ஒப்பிட்டால் முப்பத்தாறாயிரத்தில் ஒரு பங்கு. அதை எண்ணித்தான் டிஸ்ப்ளே உங்களுக்கு 245 என்று காட்டுகிறது.

பொய் சொல்லவில்லை, அதன் நுனி இருக்கும் இடத்தில் 245தான். நுனி எங்கே இருக்கிறது? நீங்கள் எழுதாவிட்டாலும் நான் சொல்கிறேன்: மேலே, ஆவி போகும் துளை வழியாக விட்டிருப்பார். புதிதாகத் துளை போட சோம்பல். மேல் காயிலுக்கு இரண்டு விரல் தள்ளி நுனி தொங்கும். காயில் சிவக்கும்போது நுனி நேரடியாக அனலில் குளிக்கிறது, காயில் அணைந்ததும் விறுவிறுவென்று இறங்குகிறது. 245, 210, 245 என்று டிஸ்ப்ளே ஊஞ்சலாடுவதே இதற்குச் சாட்சி. ஓவனின் கல் தளமும் உள்ளே இருக்கும் காற்றும் அவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியாது. நீங்கள் அந்த எண்ணைப் பார்த்துக் குமிழைக் குறைத்ததும் காயில் பக்கத்துக் காற்று 200க்கு வந்தது, பன் இருக்கும் இடம் 170க்கும் கீழே போயிருக்கும். பன் வெளுத்தது.

செய்ய வேண்டியது: பக்கவாட்டுச் சுவரில், பன் தட்டு இருக்கும் உயரத்தில், காயில் நேராகப் பார்க்காத இடத்தில் புதுத் துளை. நுனி சுவரைத் தொடாமல் உள்ளே ஒரு ஜாண் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அதற்கு முன்னால் வேறொரு தெர்மோகப்பிளை வெறும் தட்டின் நடுவில் கிளிப் போட்டு, கதவை மூடி, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஏறும்போது உச்சம் எவ்வளவு, இறங்கும்போது அடி எவ்வளவு என்று நான்கைந்து சுற்றுக்கு எழுதி, சராசரி எடுங்கள். அந்தச் சராசரிதான் உங்கள் ஓவனின் உண்மையான சூடு. டிஸ்ப்ளே அதிலிருந்து ஐந்தாறு டிகிரி விலகினால், கன்ட்ரோலரின் (டிஸ்ப்ளே இருக்கும் பெட்டியின்) மெனுவில் திருத்தம் போட இடம் இருக்கும், போட்டுக்கொள்ளலாம். நாற்பது டிகிரி விலகலை மெனுவில் திருத்துகிறவனை மட்டும் கடைக்குள் விடாதீர்கள். அது தப்பான இடத்தில் இருக்கும் நுனியை மறைத்து வைக்கிற வேலை.

கம்பி இணைப்பையும் பார்த்துவிடுங்கள். இரண்டு தப்புகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, பிளஸ் மைனஸ் மாறுவது. ஓவன் சூடாகச் சூடாக எண் இறங்கினால் அதுதான். கலரை நம்பாதீர்கள், அமெரிக்கக் கணக்கில் சிவப்புதான் மைனஸ், வேறு ஊர்க் கம்பியில் சிவப்பு பிளஸ். ஒரு காந்தத்தை எடுத்துக் கிட்டே கொண்டுபோங்கள். கே டைப்பில் காந்தத்துக்கு லேசாக இழுபடுகிற கம்பி மைனஸ். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் வைத்திருக்கிறேன், இதற்காகவே.

இரண்டாவது, கம்பி எட்டவில்லை என்று சாதாரண செம்பு ஒயரை ஒட்டுவது. ஒட்டு ஓவன் முதுகில் 70 டிகிரியில் இருக்கும், கன்ட்ரோலர் சுவரில் 40 டிகிரியில் இருக்கும். நடுவில் இருக்கிற 30 டிகிரி கணக்கில் வராமல் போய்விடும், டிஸ்ப்ளே 30 குறைத்துக் காட்டும். அதே கே டைப் எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் போட வேண்டும். கடையில் கேட்டால் கொடுப்பார்கள், செம்பைவிட விலை கூடுதல்தான்.

*

மேலே உள்ள கேள்வியைக் கேட்டவரே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: டிஸ்ப்ளே போட்டதுதான் போட்டோம், குமிழை எடுத்துவிட்டு பி.ஐ.டி. கன்ட்ரோலரே போட்டுவிடலாமா?

போடலாம். நான் போட்டு, கேக்கைக் கரியாக்கிய கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

குமிழ் தெர்மோஸ்டாட் புதிதாக ஓட்டக் கற்றவன் மாதிரி. முழு ஆக்சிலேட்டர், முழு பிரேக், நடுவில் ஒன்றும் கிடையாது. பி.ஐ.டி. அப்படி இல்லை, வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே காலை எடுக்கிற டிரைவர். இன்னும் எவ்வளவு டிகிரி பாக்கி, எவ்வளவு நேரமாகக் குறைவாகவே இருக்கிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மூன்றையும் பார்த்து, கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கும். 200க்குப் பக்கத்தில் வந்ததும் பத்து செகண்டில் மூன்று செகண்ட் மட்டும் கொடு, ஏழு செகண்ட் விடு என்கிற மாதிரி. நல்லபடி அமைந்தால் டிஸ்ப்ளே 200, 201, 200 என்று நிற்கும். பார்க்கவே அழகாக இருக்கும்.

இந்த "கொடு, விடு" சுற்றுக்கு எத்தனை செகண்ட் என்று கன்ட்ரோலரில் நாம்தான் வைக்க வேண்டும். கன்ட்ரோலர் சொன்னபடி ஹீட்டருக்குக் கரண்டை விட்டு வெட்டுவது ரிலே என்கிற சுவிட்ச். எஸ்.எஸ்.ஆர். என்கிற நகரும் பாகமே இல்லாத ரிலே போட்டால் 2 செகண்ட் வைக்கலாம். முனைகள் சேர்ந்து பிரிந்து "டமால் டமால்" என்று அடிக்கிற கான்டாக்டர் என்கிற பெரிய சுவிட்ச் போட்டால் 20 செகண்டாவது வைக்க வேண்டும். நான் ஒரு பேக்கரியில் முதலில் எஸ்.எஸ்.ஆர். போட்டிருந்தேன், அது போய்விட்டது, அவசரத்துக்கு ஒரு கான்டாக்டரை மாட்டிக் கொடுத்தேன். மெனுவில் அந்த 2 செகண்டை மாற்ற மறந்துவிட்டேன். மணிக்கு 1,800 அடி. பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 18,000. ஒரு மாதத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

அந்த மாதம் டிசம்பர். 23ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு போன். வேலூரில் கிறிஸ்துமஸ் பிளம் கேக் ஆர்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தால் கான்டாக்டரின் வெள்ளி முனைகள் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கன்ட்ரோலர் பாவம், "நிறுத்து, நிறுத்து" என்று கரண்டை வெட்டிவிட்டது, வெட்டியது கான்டாக்டருக்கு எட்டினால்தானே. டிஸ்ப்ளே 318 காட்டிக்கொண்டு நிற்கிறது, துல்லியமாக, ஒரு டிகிரி பிசகாமல். உள்ளே நாற்பது கேக், ஒவ்வொன்றும் அடுப்புக்கரி. முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒரு கேக்கை எடுத்து மேஜையில் தட்டினார், கட்டை மாதிரி சத்தம் வந்தது. அந்தத் தட்டு இன்னும் காதில் இருக்கிறது.

எஸ்.எஸ்.ஆர். போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது கெட்டாலும் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அதன் சூட்டை வாங்கி வெளியேற்ற அலுமினிய ஹீட் சிங்க் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாள் சீக்கிரம் வரும்.

அதனால் அந்த டிசம்பருக்குப் பிறகு ஒரு வழக்கம். பி.ஐ.டி. போடுகிற எல்லா ஓவனிலும், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய குப்பித் தெர்மோஸ்டாட்டை 270இல் வைத்து, தனியாக இன்னொரு கான்டாக்டரோடு மாட்டிவிடுகிறேன். அது வெட்டினால் கையால் பொத்தானை அமுக்கினால்தான் திரும்ப வரும். வாடிக்கையாளர்கள் "இரண்டு எதற்கு, ஒன்றைக் குறையுங்களேன்" என்பார்கள். குறைக்க மாட்டேன்.

இன்னொரு ஆபத்து. தெர்மோகப்பிள் கம்பி அறுந்தால் நல்ல கன்ட்ரோலர் கண்டுபிடித்து ஹீட்டரை நிறுத்திவிடும். ஆனால் கம்பி அறுபடாமல், தட்டு இடித்து நுனி ஓவனுக்கு வெளியே வந்து தொங்கினால்? டிஸ்ப்ளே 45 காட்டும். "அய்யோ, இன்னும் 155 பாக்கி" என்று கன்ட்ரோலர் முழுக் கரண்டும் கொடுக்கும். கன்ட்ரோலர் இதைக் கண்டுபிடித்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. நுனியைத் திருகாணி போட்டு இறுக்கி வையுங்கள். கன்ட்ரோலர் உங்கள் ஓவனுக்குத் தன்னைத் தானே பழக்கிக்கொள்கிற ஆட்டோ டியூன் ஓட்டும்போது, நீங்கள் நிஜமாக வேலை செய்கிற சூட்டில், கதவை மூடி ஓட்டுங்கள். நடுவில் யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

*

இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். புராஜெக்ட்டுக்கு ஆர்டுயினோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டும், தெர்மோகப்பிளைப் படிக்கிற மேக்ஸ் 6675 போர்டும் வைத்து சின்ன ஓவன் செய்கிறோம். ஆன் செய்தபோது வந்த எண்ணிலேயே டிஸ்ப்ளே நின்றுவிடுகிறது சார். போர்டு மூன்று மாற்றிவிட்டோம்.
— மாணவர், வேலூர்

தம்பி, நாலாவது வாங்காதே. அந்த சிப் ஒரு தடவை அளந்து முடிக்க 0.22 செகண்ட் வரை எடுக்கும். நீ ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அது அளப்பதை நிறுத்திவிட்டு, பழைய எண்ணைக் கொடுத்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. உன் புரோகிராம் இடைவெளி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அது எப்போது அளந்து முடிப்பது? பரீட்சை எழுதுகிறவனிடம் நிமிஷத்துக்கு ஒரு தரம் பேப்பரைப் பிடுங்கிப் பார்ப்பது போலத்தான். அரை செகண்டுக்கு ஒரு முறை படி, ஓடும்.

அது கால் டிகிரி வரை பிரித்துக் கொடுக்கும் என்பதற்காக டிஸ்ப்ளேயில் 179.75 என்று காட்டாதே. கால் டிகிரி பிரிப்பது வேறு, கால் டிகிரி சரியாக இருப்பது வேறு. தெர்மோகப்பிளே ஓரிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும். நாலு தடவை படித்துச் சராசரி எடுத்து, முழு எண்ணாகக் காட்டு. பக்கத்திலேயே வைத்த சூடு எவ்வளவு, வந்த சூடு எவ்வளவு என்று இரண்டும் தெரியட்டும். ஹீட்டர் எரிகிறதா என்பதற்குத் தனியாக ஒரு புள்ளி. எட்டத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது போதும்.

தெர்மோகப்பிள் கம்பியையும் 230 வோல்ட் ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டாதே. போர்டை எஸ்.எஸ்.ஆர். ஹீட் சிங்க் பக்கத்தில் வைக்காதே. ஓவன் உடம்புக்கு எர்த் கொடுத்துவிட்டு அப்புறம் ஆன் செய். இதில் கடைசிதான் முதலில்.

*

வீட்டிலேயே பிஸ்கட் போட்டுக் கொடுக்கிறேன். காலையில் ஓவன் 18 நிமிஷத்தில் சூடேறிவிடுகிறது, சாயந்திரம் அதே ஓவன், அதே டிகிரி, சூடேறவே அரை மணி ஆகிறது. ஓவனுக்கு வயதாகிவிட்டதா?
— வாசகி, ஒடுகத்தூர்

ஓவனுக்கு வயதாகவில்லை, சாயந்திரம் உங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குகிறது. ஹீட்டரின் பலம் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230 வோல்ட்டில் 2,000 வாட் கொடுக்கிற காயில், 190 வோல்ட்டில் 1,365 வாட்தான் கொடுக்கும். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. தெர்மோஸ்டாட் என்ன செய்யும், அது நிறுத்தத்தான் தெரிந்தது, இல்லாத கரண்டைக் கொண்டுவரத் தெரியாது.

கடிகாரத்தைப் பார்த்து பிஸ்கட்டை உள்ளே வைக்காதீர்கள். லைட் முதல் தடவை அணைந்து, மறுபடி எரிந்து, இரண்டாம் தடவை அணையட்டும். அப்புறம் வையுங்கள். அதிக ஆர்டர் இருக்கிற நாளில் விடியற்காலையில் போட்டு முடித்துவிடுங்கள். கதவைத் திறந்து திறந்து பார்க்கிற பழக்கத்தையும் சாயந்திரத்தில் மட்டுமாவது விடலாம்.

*

ராணிப்பேட்டையில் பவுடர் கோட்டிங் யூனிட் (பொடிப் பெயின்ட்டை உலோகத்தில் தெளித்து, ஓவனில் உருக்கி ஒட்டவைப்பது). டிஸ்ப்ளே 200 காட்டுகிறது. மெல்லிய தகடு நன்றாக வருகிறது. கனமான இரும்பு பிராக்கெட்டில் மட்டும் பெயின்ட் நகத்தால் சுரண்டினால் வந்துவிடுகிறது.
— வாசகர், சிப்காட்

200 என்பது காற்றின் சூடு. பவுடர் டப்பாவில் "200 டிகிரி, 10 நிமிஷம்" என்று போட்டிருந்தால் அது உலோகத்தின் சூடு. மெல்லிய தகடு காற்றோடு சேர்ந்து ஏறிவிடும். கனமான பிராக்கெட் 200க்கு வரவே இருபது நிமிஷம் ஆகலாம், அதற்குப் பிறகுதான் அந்த பத்து நிமிஷம் ஆரம்பம். ஒரு தெர்மோகப்பிளை பிராக்கெட்டின் தடித்த இடத்திலேயே கிளிப் போட்டு ஒரு தடவை ஓட்டி, எத்தனை நிமிஷம் என்று சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். தகட்டையும் பிராக்கெட்டையும் ஒரே வண்டியில் தொங்கவிடாதீர்கள்.

*

டிஸ்ப்ளே, பி.ஐ.டி. எல்லாம் இல்லாத காலத்தில் விறகு ஓவனில் எப்படித்தான் ரொட்டி போட்டார்கள்?
— வாசகர், ஆற்காடு

சின்ன வயதில் எங்கள் தெருவில் பேக்கரி வைத்திருந்த பாய் ஒருவரைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைப்பார். ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே வீசுவார். வீசிவிட்டு வாய்க்குள் எண்ணுவார். பத்துக்குள் கறுத்தால் கதவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இருபது, இருபத்தைந்தில் தேன் நிறம் வந்தால் முதலில் ரொட்டி. ரொட்டி இறங்கிய பிறகு, ஆறி வரும் சூட்டில் பன், அதற்கப்புறம் பிஸ்கட், கடைசியில் ராத்திரி முழுக்க ரஸ்க். சூட்டை அவர் கட்டுப்படுத்தவே இல்லை. இறங்குகிற சூட்டுக்குத் தகுந்த பண்டத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நான் ஓவன் வேலைக்கு வந்த பிறகு ஒரு நாள் மீட்டரை எடுத்துப்போய் அவர் தளத்தில் வைத்தேன். மைதா இருபத்திரண்டில் தேன் நிறமானது; மீட்டர் 230 காட்டியது. பெருமையாகத் திரும்பி, "பாய், 230" என்றேன். "அப்படியா, சந்தோஷம். வழியை விடு, ரொட்டி உள்ளே போகணும்" என்றார்.

*

புது கன்ட்ரோலர் மாட்டினேன். ஓவனை ஆன் செய்வதற்கு முன்பே 41 காட்டுகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். கெட்டுப்போன பீஸ்தானே இது?
— வாசகர், சத்துவாச்சாரி

கடிதத்தில் தேதி மே 9 என்று போட்டிருக்கிறீர்கள். அக்னி நட்சத்திரம். தகரக் கூரைக் கடை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது கெட்ட பீஸ் இல்லை, மிகச் சரியான பீஸ். நம் ஊரில் மே மாதம் மதியம் ஆன் செய்யாத ஓவன் 41தான் காட்ட வேண்டும். 25 காட்டினால்தான் சண்டைக்குப் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். ஓவனை ஆன் செய்து பத்து நிமிஷம் கழித்தும் அது 41லேயே நின்றால், இரண்டு கம்பியும் வழியில் எங்கேயோ ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தெர்மோகப்பிள் எங்கே சேர்கிறதோ அந்த இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். பெரும்பாலும் கன்ட்ரோலர் திருகாணிக்குப் பக்கத்தில், உரித்த ஒயர் அரை அங்குலம் அதிகமாக இருக்கும். உடனே மெயினை அணைத்துவிட்டு அங்கே பாருங்கள். கதவைத் திறந்து உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டாம். டிஸ்ப்ளேயில் 41 இருந்தாலும் உள்ளே 41 இருக்காது.